அருகம்புல் மணத்த மத்தியானங்கள்

கண்ணால் ஒருமுறைகூடப் பார்த்திராத என் பிரகாசி அக்காவுக்கு, உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பிலோமி எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தீரவில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து, உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாக வேம்பாரிலிருந்து வந்தவள் நான். உங்கள் அம்மியில் அரைக்கிறேன். உங்கள் மகள் செசீலிக்குத் தலை வாரிவிடுகிறேன். உங்கள் மாமியார்தான் எனக்கும் மாமி.

நம் தெருவில் பிள்ளைகளுக்குத் தோலில் கரப்பான் புண் வந்தால் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். 'பிலோமி எண்ணெய்' என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். அது என் எண்ணெய் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அது யாருடையது, எப்படி என் கைக்கு வந்தது என்பதை எல்லோரும் கேட்கும்படி ஒருமுறை சொல்லிவிட நினைக்கிறேன். உங்களைப் பார்த்துச் சொன்னால்தான் கூட்டிக் குறைக்காமல் சொல்ல வரும். நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்?

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்தே ஒரு கால் கட்டை. அதனால் வரன் தள்ளிக்கொண்டே போனது. யுத்தக் காலம். பெட்ரோல் இல்லாமல் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு ஓடிய பஸ்ஸில், என் அப்பா தூத்துக்குடிக்குக் கூட்டிவந்தார். மாதா கோயில் காலைப் பூசையில் தாலி கட்டி, வீட்டுக்குள் வலது கால் வைத்தபோது மூலையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. நாலு வயது. இரண்டு கைகளிலும் மணிக்கட்டுவரை துணிப்பை மாட்டி, அங்கேயே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விரலே இல்லாத பிள்ளைபோல் இருந்தாள்.

நான் பையைத் தொட்டதும் மாமி ஓடிவந்தார்கள்.

"ஏளா, அவுத்துறாத! அவுத்தா தோல உரிச்சுப்புடும். பெத்தவ குடுத்துட்டுப் போன சீதனம்லா இது."

"தொட்டா ஒட்டுமா மாமி?"

"ஒட்டாது. ரத்தத்துல வாரது. அவளுக்கும் ரெண்டு கையும் இப்படித்தான் வெடிச்சுக் கெடந்துச்சு. கடசில கடல்ல போயி..."

அதோடு நிறுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் சொன்னார்கள். கை எரிச்சல் தாங்காமல் நீங்கள் ஒரு மத்தியானம் கடலில் இறங்கிவிட்டதாக. தோணித்துறைக்குத் தெற்கே, பாசி படிந்த பாறைகளுக்கு நடுவில் கிடைத்ததாக. தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று பேச்சு வந்ததால் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரம் இடம் கொடுத்ததாக. கல்லறைத் திருநாளில் செத்தவர்கள் பேரை வாசிக்கும்போது உங்கள் பேர் வராது என்றார்கள். இந்த வீட்டிலும் வரவில்லை அக்கா. மாமி உங்களை 'அவ' என்பார்கள். செசீலியின் அப்பா, அவுக, அதுகூடச் சொல்ல மாட்டார்கள்.

செசீலிக்கு முழங்கை மடிப்பு, முழங்கால் பின்மடிப்பு, கழுத்து, எல்லாம் சிவந்து தடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ஈ மொய்க்கும். உப்புத் தண்ணீர் பட்டால் காயும் என்று மாமி அவளைத் தினமும் மத்தியானத்துக்கு முன்னால் கடலில் இறக்கிக் குளிப்பாட்டினார்கள். அவள் கத்துவது நம் வீட்டுப் பின்வாசல்வரை கேட்கும். பிறகு கார்பாலிக் சோப்பு. பிறகு ரேஷனில் கிடைத்த முரட்டுத் துணியில் தைத்த பாவாடை சட்டை. மாமியைக் குறை சொல்லவில்லை. பிள்ளையை நினைத்து உருகித்தான் அத்தனையும் செய்தார்கள்.

நம் தெருவின் மத்தியானம் உங்களுக்குத் தெரியும். ஆண்கள் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். மணல் வெள்ளையாக எரியும். சங்கு குவித்து வைக்கும் கிட்டங்கியிலிருந்து அழுகிய சதை வாடை காற்றில்லாமல் அப்படியே நிற்கும். கடல்கூட அந்த நேரத்தில் வாய் மூடிக்கொண்டதுபோல் இருக்கும். நான் வந்து ஒரு மாதம் இருக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில், தூங்கி எழுந்த செசீலியின் கைகளில் பை இல்லை. தலையணைக்கு அடியில் இரண்டு பையும் கிடந்தன. முக்கோணமாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

மாமி அவிழ்த்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். நான்தான் அவிழ்த்தேன் என்று மாமி என்னைத் திட்டினார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாமி தோணிக்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டார்கள். பெரியவர்களே பல்லால் கவ்வித்தான் அவிழ்க்க முடியும். அதுவும் அவிழ்ந்து, மடிந்து, தலையணைக்கு அடியில் இருந்தது. இதில் என்னைக் கலங்கடித்தது எது தெரியுமா? கை அவிழ்ந்து கிடந்தும் பிள்ளையின் தோலில் புதிதாக ஒரு நகக்கீறல் இல்லை.

"யாரு அவுத்தா செசீலி?"

"அம்மா."

"நானா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை, பயமும் இல்லை. "நீங்க சித்தி. அம்மா வேற."

அக்கா, நீங்கள் போகும்போது அவளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. உங்கள் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. யாரை அவள் அம்மா என்றாள்?

மறுநாள் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கொண்டேன். மாமி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்கள். பாயில் செசீலி புரண்டு புரண்டு படுத்தாள். பைத்துணி பாயில் உரசும் சத்தம், சரக் சரக்கென்று. அந்தச் சத்தம் கேட்டால் நமக்கே உடம்பு அரிக்கும். திடீரென்று சத்தம் நின்றது.

செசீலி எழுந்து உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது. ஆனால் அது எதையும் பார்க்கிற கண் இல்லை. எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். பின்வாசலில் மணலின் வெளிச்சம் என் கண்ணில் அடித்தது. ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தேன். அதற்குள் பைகள் அவள் மடியில் கிடந்தன.

அவள் எழுந்து நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பக்கத்தில் போனாள். குலுக்கையின் காலுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, மூடி போட்ட சின்னக் கலயம் ஒன்றை எடுத்தாள். அங்கே அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது, மாமிக்கும் தெரியாது. மூன்று விரலை உள்ளே விட்டு எடுத்து முழங்கை மடிப்பில் தடவினாள். பிறகு கழுத்தில். மெதுவாக, சுற்றிச் சுற்றி, பச்சைப்பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல. தேய்த்துவிட்டுச் சொன்னாள்:

"போதும் ராசாத்தி, போதும். சொறியக் கூடாது என்ன. அம்மா ஊதிவிடுதேன்."

அது அவள் குரல்தான் அக்கா. ஆனால் பேச்சு அவளுடையது இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படி இழுத்து, சலிப்பும் ஆசையுமாய்ப் பேச வராது. முழங்கையில் 'ஃபூ' என்று ஊதினாள். அப்போது எனக்கு வாடை வந்தது. சங்கு வாடை இல்லை. ஈரப் புல்லைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் வருமே, பச்சையாக, குளிர்ந்த வாடை. வீட்டில் அன்றைக்குச் சொட்டுத் தேங்காய் எண்ணெய் கிடையாது.

அவள் படுத்துத் தூங்கிய பிறகு நான் கலயத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. அடியில் கறுத்த பச்சையாக ஏதோ மரப்பட்டைபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. கலயத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன்.

மாமியிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் அவர்களே பார்த்துவிட்டார்கள். தெருவே கூடும்படி அலறினார்கள்.

"அவ வந்துட்டா ளா! பிள்ளைமேல வந்து எறங்கிட்டா! வெள்ளிக்கெழம நான் இத பேயோட்டுத கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அந்த மாதிரிக் கோயிலை நான் பார்த்திருக்கிறேன். தூணில் கட்டி வைப்பார்கள். ஆடி அடங்கும்வரை அவிழ்க்க மாட்டார்கள். தோலெல்லாம் ரணமாக இருக்கும் நாலு வயதுப் பிள்ளை கயிற்றை எப்படித் தாங்கும்? வந்து ஒரு மாதம் ஆன மருமகள் நான். வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. இருந்தாலும் மாமியின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, வெள்ளிக்கெழம வரைக்கும் நாலு நாள் இருக்கு. அதுவரைக்கும் பிள்ளைய என் கையில விடுங்க. கடலுக்கும் கொண்டு போக வேண்டாம். அதுக்கப்புறம் நீங்க சொல்லுததக் கேக்கேன்."

"நீ என்னத்தளா செய்யப் போற?"

"தெரியல மாமி."

உண்மையிலேயே தெரியாது. கையில் இருந்தது அந்தக் கலயம் மட்டும்தான். அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரிகளிடம் காட்டி, இந்தப் பச்சை என்ன பச்சை என்று கேட்டேன். சுரண்டிப் பார்த்தார்கள், நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் வாழையிலை விற்கும் ஒருத்தியைக் கைகாட்டினார்கள். ஏரல் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். பேர் பேச்சியம்மா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கலயத்தைப் பார்த்ததுமே கையில் வாங்கிக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக் கலயம்லா! இது எப்படி ஒங்க கையில? அந்தப் பிரகாசி மைனி எங்க? ஏன் அப்புறம் வரவே இல்ல?"

இந்த ஊரில் உங்கள் பேரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் இறந்ததே அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இலைக்கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப?"

"மாதா திருவிழா முடிஞ்ச மறு செவ்வாக்கெழம."

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "திருவிழாக் கூட்டத்துல எல விக்க வந்தப்பதான் அவ என்ட்ட சொன்னா. வார வியாழக்கெழம அருகம்புல்லு ரெண்டு கட்டு கொண்டான்னு சொன்னா. எப்பவும் ஒரு கட்டுதான் கேப்பா. ஏன் மைனி ரெண்டுன்னேன். 'பிள்ளைக்குத் தேய்ச்சது போக என் கைக்கு மிஞ்ச மாட்டேங்கு பேச்சி. எரிச்சல் தாங்காம உச்சி வெயில்ல போயி கடல்ல கைய முக்கிட்டு வாரேன். பாற வழுக்குது, ஒருநா விழுந்துதான் சாவப் போறேன்'னு சிரிச்சா. நான் வயக்காட்டு வரப்புல ரெண்டு கட்டு அறுத்துட்டு வந்து, அந்த வியாழக்கெழம பொழுது சாயுத வரைக்கும் இங்கனயே உக்காந்திருந்தேன்."

அக்கா, எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்ததா, கோபம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சாகப் போகவில்லை. கை முக்கப் போனீர்கள். மொத்த எண்ணெயையும் பிள்ளைக்குத் தேய்த்துவிட்டு, வெறும் கையோடு போனீர்கள். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? மாமிக்குப் பயந்தா? மருந்துக் கலயத்தைக்கூடக் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும்படியா இருந்தது உங்கள் பாடு?

பேச்சியம்மா மறுநாளே புல் கொண்டுவந்து, காய்ச்சும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள். இங்கே கேட்டு வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அருகம்புல்லை மண் போகக் கழுவி, இடித்துச் சாறு பிழிய வேண்டும். சாறு எவ்வளவோ அவ்வளவு தேங்காய் எண்ணெய். சின்னத் தீயில் சடசடப்பு அடங்கி நுரை ஓயும்வரை காய்ச்ச வேண்டும். அவசரப்பட்டுத் தீயைத் தூண்டினால் கருகிப்போகும். ஆறிய பிறகு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் எண்ணெய் மட்டும் போதாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. சோப்பை நிறுத்தினேன். பயத்தமாவை நைசாகச் சலித்துக் குழைத்து, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் சீக்கிரமாகக் குளிக்க வைத்தேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் எண்ணெயைத் தடவினேன். நகத்தை வெட்டினேன். முரட்டுத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு என் பழைய நூல்சேலையைக் கிழித்துச் சட்டை தைத்தேன். வெயில் ஏறினால் அவளுக்கு வேர்க்கும், வேர்த்தால் அரிக்கும். அதனால் மத்தியானம் பேச்சியம்மா கொடுத்த வாழையிலையை விரித்து அதன்மேல் படுக்க வைத்தேன். கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். கத்தரிக்காய் ஒன்றும் செய்யவில்லை. நண்டும் கூனி இறாலும் கொடுத்த மறுநாளே கழுத்து சிவந்தது.

முதல் நாள் எண்ணெய் தேய்த்த மத்தியானம் கையில் பை கட்டவில்லை. நானே உட்கார்ந்து முழங்கை மடிப்பில் தடவி, நீங்கள் ஊதியதுபோல ஊதிவிட்டேன். அவள் தூங்கினாள். எழவில்லை, நடக்கவில்லை. குலுக்கைப் பக்கம் போகவே இல்லை. சாயங்காலம் கண் விழித்ததும் அழுதாள்.

"என்ன ராசாத்தி, அரிக்கா?"

"அம்மா இன்னைக்கு வரல."

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் தூக்கத்தில் எழுந்து நடக்கவில்லை. மாமி 'பேய் எறங்கிட்டு' என்றார்கள்.  நான் உங்களைத் துரத்திவிட்டேனா அக்கா?

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வாரம் ஒருநாள் விடிகாலை, மாமியும் செசீலியும் பூசைக்குப் போயிருந்தார்கள். முந்தின ராத்திரி எண்ணெயை வடிகட்டி அகல வாய் மண்சட்டியில் ஆற வைத்துவிட்டு, விடிந்ததும் நான் தலைவாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாடைக்காலத்து விடிகாலைக் குளிரில் எண்ணெய் மேலே வெண்ணெய்போல் உறைந்திருந்தது. திரும்பி வந்து பார்த்தால், நடுவில் மூன்று விரல் வழித்தெடுத்த தடம். பெரிய விரல். என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரலைவிட நீளம். பின்வாசல் உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. 'நல்லா இருக்கா?' என்று சும்மா காற்றைப் பார்த்துக் கேட்டேன்.

அதற்கு முன்பே, மாமி சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது, போனது. கோயில் பேச்சை மாமி எடுக்கவில்லை. செசீலி கையில் பையில்லாமல் தூங்குவதை வாசற்படியில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இனி கடலுக்குக் கொண்டு போவல" என்று மட்டும் சொன்னார்கள். மறுநாள் தன் வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, "இதுவும் மெதுவாத்தான் இருக்கும், சட்டைக்கு வெட்டிக்கோ" என்று என் மடியில் போட்டார்கள்.

இத்தனையும் செய்தும் செசீலியின் கழுத்து மட்டும் ஆறவில்லை. காலையில் வெளிறியிருக்கும், ராத்திரி படுக்கும்போது சிவந்திருக்கும். எனக்குப் புரியச் சில வாரம் ஆனது. அவுக தோணி கட்டும் ஓடாவி அல்லவா? நாளெல்லாம் தோணிக்குச் சுறா எண்ணெயும் குங்கிலியமும் பூசிவிட்டு, சாயங்காலம் அந்தச் சட்டையோடு வந்து மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வார்கள். அவள் கழுத்து படுவது அந்தத் தோளில். அதை எப்படிச் சொல்வது? அவர்களுக்கு நாளில் இருந்த ஒரே சந்தோஷம் அது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒருநாள் வாசலிலேயே மறித்தேன்.

"குளிச்சு, சட்டைய மாத்திட்டுப் பிள்ளையத் தூக்குங்களேன்."

அவுக அப்படியே நின்றுவிட்டார்கள்.  "அவளும் இதத்தான் சொன்னா" என்றார்கள்.

"யாரு?"

"பிரகாசி." வருஷக்கணக்கில் சொல்லாத பேர் அது.  "அன்னைக்குக் காலையில. 'மொதல்ல குளிங்க, அப்புறம் பிள்ளையத் தொடுங்க, என்னையும் தொடுங்க'ன்னா. தோணி வேலக்காரன் ஒனக்கு நாறுதானோன்னு கேட்டேன். என்னவெல்லாமோ சொல்லிப்புட்டேன் பிலோமி. சாப்பிடாம எறங்கிப் போயிட்டேன். மத்தியானம் ஆள் வந்து சொல்லுதான். நாந்தான் அவளக் கொன்னுட்டேன்."

ஊர் தப்பாகப் பேசியபோது அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரைவிட அவர்களே அதை முதலில் நம்பிவிட்டார்கள். நான் பேச்சியம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். இரண்டு கட்டுப் புல். வழுக்கும் பாறை. வியாழக்கிழமை.

"வியாழக்கெழமைக்கா? வியாழக்கெழமைக்குன்னா சொன்னா?" மூன்று தடவை கேட்டார்கள். நான் மூன்று தடவையும் ஆமாம் என்றேன். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். திரும்பி வந்து, துவைத்த வேட்டியோடு மகளைத் தூக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை குளிக்காமல் அவளைத் தொட்டதில்லை.

அடுத்த கல்லறைத் திருநாள் வருவதற்கு முன்னால் நான் பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியிடம் போனேன். அவள் கோயில் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கூச்சத்தோடு உள்ளே வந்தாள். சாமியார் முதலில், "பழைய கதையை இப்ப எதுக்கும்மா கிளறுதீங்க?" என்றுதான் கேட்டார்.  பேச்சியம்மாதான் பேசினாள்.

"சாவப் போறவ அடுத்த வியாழக்கெழமைக்குப் புல்லு அறுத்தாரச் சொல்லுவாளா சாமி? அதுவும் ரெண்டு கட்டு?"

 சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நோட்டை எடுத்து, "பேரு என்ன சொன்னீங்க?" என்றார்.

அந்தக் கல்லறைத் திருநாளில், மெழுகுவத்திக்கு நடுவில் எல்லோரும் நின்றோம். பேர் பேராக வாசித்துக்கொண்டே வந்து, உங்கள் பேரும் வந்தது. செசீலி என் சேலையை இழுத்தாள்.

"சித்தி, பிரகாசின்னா யாரு?"

 அவுக குனிந்துகொண்டார்கள். பின்னால் நின்ற மாமிதான் பதில் சொன்னார்கள், சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "ஒன் ஆத்தா ளா. எம் மருமவ."

அதெல்லாம் நடந்து வருஷம் பல ஆகிவிட்டது. யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்த அன்று துறைமுகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். செசீலி இரண்டு கை நிறைய வாங்கி வந்தாள். அந்தக் கைகளில் தழும்புகூட இல்லை. இப்போது அவளுக்குப் பத்து வயது. சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கணக்கு வராது, பாட்டு வரும். கரப்பான் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது போகாது, தூங்கும். பனிக்காலத்திலும், பரீட்சை நேரத்திலும் முழங்கை மடிப்பில் எட்டிப் பார்க்கும். உடனே எண்ணெய், பயத்தமாவு, நூல்துணி. ஒரு தடவை சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்தபோது இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கேட்டு வருகிறவர்களிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அது ஒரு குறையாகத் தோன்றியதுண்டு. இப்போது நினைக்க நேரமில்லை.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது போன திங்கள்கிழமை. மூன்றாவது வீட்டு அடிலின் தன் ஆறு மாதப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். கன்னமெல்லாம் வெடித்து, அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. நேரம் உச்சிப் பொழுது. அடிலினை முன்வாசலில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டு எண்ணெயைத் தொட்டேன். பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தியது. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அதன் கண் மெதுவாக இடமிருந்து வலமாக நகர்ந்தது, யாரோ நடந்து பக்கத்தில் வந்து குனிவதுபோல. பிறகு பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. என் பிடரியில் லேசாகக் காற்றுப் பட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை அக்கா. இனியும் பார்க்க மாட்டேன். இது என் வாக்கு. எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும், எந்த மத்தியானமானாலும், நான் குனிந்தபடி என் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் வந்து ஊதிவிட்டுப் போங்கள்.

உங்கள் செசீலியை வளர்க்கும் தங்கச்சி,
பிலோமி